வேலாயுதம் குறித்துவைத்த ஆண்கள்

எண் போடாமல் எதையும் எழுத எனக்கு வராது. மளிகைச் சாமான் பட்டியலுக்கும் எண் போடுகிறவன் என்று வேலாயுதம் என்னைக் கேலி செய்வார். அவரை அறிந்தவர்களே நம் சங்கத்து இதழைப் படிக்கிறீர்கள். ஆகவே அவருக்கான இந்த அஞ்சலியையும் கூச்சப்படாமல் அப்படியே தொடங்குகிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. தீவு ஆண்களின் புற்றுநோய் இறப்பு விகிதத்தையும் நாட்டின் விகிதத்தையும் ஒப்பிட்டு நான் போட்ட அட்டவணையை அவர் படகில் படித்தது.
3. அவருடைய நோட்டு.
4. நான் எழுதி, பிறகு காப்பாற்றாமல் விட்ட ஓர் அடிக்குறிப்பு.
5. சிகிச்சைக்கு மெயின்லேண்ட் போக அவர் மறுத்ததற்கு அந்த அடிக்குறிப்பே காரணம் என்பது.

இந்த வரிசையை விட்டு விலகாமல் எழுத முயல்கிறேன். விலகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை சாத்தம் ஜெட்டியில், பம்பூஃபிளாட் போகும் படகுக்காக வரிசையில் நின்றிருந்தேன். பையில் வேலாயுதத்தின் கஞ்சிக்கு இரண்டு பொட்டலம் ஜவ்வரிசி. அதோடு அன்றைய நாளிதழ். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும், எந்தக் கப்பல் என்று வருகிறது என்ற அறிவிப்பைப் படிக்காமல் அவருக்குப் பொழுது விடியாது. அவர் மனைவி பாக்கியம் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, ஃபெரி ஏறிட்டீங்களா?"

"இல்லம்மா, லைன்ல நிக்கறேன்."

"சரி, மெதுவா வாங்க. இனிமே அவசரம் இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்களைப் படகுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்தவர் "ஆகே படோ, அங்கிள்" என்று முன்னால் நகரச் சொல்லி என் தோளைத் தொட்டார். நான் ஏறினேன். ஏறியதும் என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கமாகச் செய்வதையே செய்தேன். இடப்பக்கக் கம்பியருகே போய் நின்றேன். அது அவர் நிற்கும் இடம். அவருக்குப் பக்கத்தில் நிற்பதற்காகவே நானும் அங்கே நிற்கத் தொடங்கியவன்.

அவர் இந்த மண்ணில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தாவைக் கைதியாகக் கொண்டுவந்தார்கள். என்ன குற்றம் என்பது அவர் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. "பெரிய குத்தமாத்தான் இருக்கும் சாப். சின்னதுக்கெல்லாம் இவ்வளவு தூரம் ஓசியில கூட்டிட்டு வரமாட்டாங்க" என்பார். நான் அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து புள்ளிவிவரப் பிரிவு வேலைக்கு வந்தவன். அவர் மெயின்லேண்ட் கப்பல்களுக்கு டிக்கெட் போடும் கவுன்ட்டரில் இருந்தார். அப்போது இருவருக்கும் பம்பூஃபிளாட்டில் வீடு. காலையில் ஒரே படகில் சாத்தம் வருவோம். மாலையில் ஒரே படகில் திரும்புவோம். யாரோடும் வலியப் போய்ப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. ஒரு வருடம் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

பேச வைத்தது அந்த அட்டவணை. அலுவலக வேலையைப் படகில் எடுத்துப் பார்ப்பது தவறுதான். ஆனால் ஒரு கூட்டலில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னா சாப், ரெண்டு கட்டம் போட்டிருக்கீங்க?"

விளக்கினேன். இடப்பக்கம், இந்தத் தீவுகளில் ஒரு லட்சம் ஆண்களுக்கு எத்தனை பேர் புற்றுநோயால் இறக்கிறார்கள் என்பது. வலப்பக்கம், நாடு முழுவதற்கும் அதே கணக்கு. ஆண்கள் மட்டும் ஏன் என்று கேட்டார். பெண்களுக்கான அட்டவணை வேறொருவர் பொறுப்பு என்றேன். "பொம்பளைங்க கணக்கை உங்களை நம்பித் தரமாட்டாங்களாக்கும்" என்றார். பிறகு காகிதத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நம்ம பக்கம் கம்மியா இருக்கே. கைஸே? எப்படி?"

இடப்பக்க எண் சிறியதாக இருந்ததில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. காற்று சுத்தம், மீன் சாப்பாடு, தொழிற்சாலை இல்லை என்று காரணங்கள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கைனிப் புகையிலை போடறோம், பீடி குடிக்கறோம். சுபாரிப் பாக்கு வாயை விட்டு எறங்கறதே இல்ல. காத்து மட்டும் என்னா செய்யும் பாவம்?" என்றார். படகு சாத்தத்தை நெருங்கியபோது திரும்பவும் கேட்டார்: "சாப், நீங்க மெயின்லேண்ட் கப்பல் வந்து ஜனங்க எறங்கறதைப் பார்த்ததில்லியா?"

நானே கப்பலில் வந்து இறங்கியவன்தானே என்றேன்.

"எறங்கினீங்க. பார்க்கல."

அடுத்த கப்பல் வந்த அன்று என்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். கப்பல் வரும் நாட்களில், இறங்குபவர்களைப் பயணிகள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையும் அவருடையது. கூட்டத்தின் கடைசியில் ஒரு பெண் இறங்கினார். இரண்டு கைகளிலும் இரண்டு துணிப்பை. அக்குளில் எக்ஸ்ரே படம் வைக்கும் பெரிய உறை. வேலாயுதம் பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டு அவரிடம் போனார். எதுவும் கேட்கவில்லை. ஒரு பையை மட்டும் வாங்கிக்கொண்டு வெளிவாசல்வரை கூட நடந்தார். திரும்பி வந்து சொன்னார்:

"போகும்போது ரெண்டு டிக்கெட். நான்தான் போட்டுக் கொடுத்தேன். வரும்போது ஒண்ணு. இப்போ சொல்லுங்க, இந்தம்மா புருஷன் உங்க காகிதத்துல எந்தக் கட்டத்துல வருவாரு?"

இறப்பை அது நடந்த ஊரில் பதிவார்கள். ஆகவே அந்த மனிதர் சென்னையில் பதிவாகி, வலப்பக்கக் கட்டத்தில் சேர்ந்திருப்பார். இடப்பக்கத்திலோ, நான் வகுக்க எடுத்துக்கொண்ட மக்கள்தொகையில் அவர் உயிரோடு இருந்தார். வகுபடும் இறப்புகளில் அவர் இல்லவே இல்லை. எனக்குத் தெரியாத விதி அல்ல இது. பாடத்தில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் எக்ஸ்ரே உறையோடு அது படியிறங்கி வந்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகுதான் நோட்டைக் காட்டினார். பழைய அலுவலக நோட்டு. பின்பக்கங்களில் அவரே கோடு போட்டிருந்தார். பெயர், ஊர், போன கப்பல், வந்த கப்பல். டாக்டர் சீட்டோடு துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போனவர்களின் பெயர்கள். என்னைச் சந்திப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எழுதிவந்தார். எதற்காக என்று கேட்டேன். "டிக்கெட் நான் கிழிச்சுக் கொடுக்கறேன். ஆளு வந்தானான்னு நான்தானே பார்க்கணும்?" என்றார். கவுன்ட்டரில் இருந்த வேறு யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை.

நான் சந்தேகப் பிராணி. விமானத்தில் போனவர்கள் இந்த நோட்டில் இல்லை என்றேன். தனியாகத் திரும்பியவர்களுடைய நோயாளிகள் எல்லாருமே இறந்தவர்கள் என்று சொல்ல முடியாது, சிலர் உறவினர் வீட்டில் தங்கியிருப்பார்கள் என்றேன். எல்லாமே புற்றுநோய் என்பதற்கும் ஆதாரமில்லை என்றேன். நோய் வந்ததும் வேலையை விட்டுச் சொந்த ஊருக்கே போய்விடும் கூலிக்காரர்களை எதில் சேர்ப்பது என்று கேட்டேன். அவர் ஒன்றுக்கும் கோபப்படவில்லை. "லிக்கோ சாப், லிக்கோ" என்று சொல்லி, என் சந்தேகங்களை அட்டையின் உள்பக்கம் எழுதவைத்தார். பிறகு ஒவ்வொரு பெயராக விசாரித்தார். டீக்கடையில், படகில், கல்யாண வீட்டில். இறந்துவிட்டார் என்று உறுதியானால்தான் பெயருக்கு எதிரே ஒரு டிக். என்ன நோய் என்பதும் தெரிந்தால் இன்னொன்று. மாலைப் படகில் அவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார், நான் என் பிரதியில் குறித்துக்கொள்வேன். மரணத்தைப் பற்றிய வேலைதான். ஆனால் என் உத்தியோக காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த மாலைகளில்தான் என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அவரும் ஒருமுறை ஏமாந்தார். பெரார்கஞ்ச் பக்கத்து வங்காளி விவசாயி ஒருவரின் மனைவி தனியாக வந்து இறங்கினார், கையில் எக்ஸ்ரே உறையோடு. முகம் வாடியிருந்தது. அவர்களைத் தெரிந்த ஒருவர், இறந்துவிட்டாரா என்று கேட்டதற்கு, ஆமாம் என்று தலையசைத்தாராம். டிக் போட்டாகிவிட்டது. இரண்டு கப்பல் கழித்து அந்த விவசாயியே ஒரு மாதத் தாடியோடு படியிறங்கி வந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டு போனார். நாற்று நடவுக்காக மனைவி முன்னால் வந்திருக்கிறார், அவ்வளவுதான். அன்று வேலாயுதம் படகில் எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம், தன் கையால் செத்தவன் ஒருவன் பிழைத்து வந்துவிட்டான் என்றார். நான் ரப்பரை எடுத்து என் பிரதியில் அந்த டிக்கை அழிக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்காதீங்க சாப். ஒரே ஒரு கோடு போடுங்க, அடியில இருக்கறது தெரியற மாதிரி. பக்கத்துல வந்துட்டாருன்னு எழுதுங்க. தப்பு தெரிஞ்சாத்தான் அந்தாளு திரும்பி வந்ததும் தெரியும்."

பதிவேடுகளில் அப்படித்தான் திருத்த வேண்டும் என்பது அரசாங்க விதி. அதில் ஒரு ஜிலேபியின் சுவை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இனி நான்காவது. இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாளாயிற்று.

எங்கள் பிரிவின் புள்ளிவிவரப் புத்தகத்துக்காக அட்டவணை அச்சுக்குப் போகும் முன் அதன் அடியில் ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். 'இத்தீவுகளில் வசித்து, சிகிச்சைக்காக மெயின்லேண்ட் சென்று அங்கே இறந்த ஆண்கள் இடப்பக்க விகிதத்தில் சேரவில்லை. ஆகவே இவ்விரு விகிதங்களையும் நேரடியாக ஒப்பிடுவது சரியாகாது.' இரண்டே வாக்கியம். படகில் வேலாயுதத்திடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். அந்தச் சமயத்தில் இங்கேயே ஒரு புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்று பலர் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அந்த நோய் குறைவு என்று ஒரு புத்தகம் சொன்னால் அந்த மனுக்களுக்கு என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மேலதிகாரி நல்ல மனிதர்தான். மெயின்லேண்டிலிருந்து வந்து இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போனவர். அட்டவணையைப் பார்த்து மகிழ்ந்தார். அடிக்குறிப்பில் விரலை வைத்து, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஒரு டிக்கெட் கவுன்ட்டர்க்காரரின் நோட்டு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். முழுமையானது அல்ல, ஆனால் பெயர் பெயராக விசாரித்தது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது: "எழுத்துபூர்வமா ஒண்ணும் இல்ல சார்." அவர் பேனாவை எடுத்தார். அவரும் ஒரே கோடுதான் போட்டார். அச்சில் அது தெரியவில்லை.

புத்தகம் வந்த அன்று படகில் வேலாயுதம் அதைக் கேட்டு வாங்கினார். வேறு எதையும் படிக்காமல் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். அட்டவணையின் அடியில் விரலை ஓட்டினார்.

"கீழே ஒண்ணும் இல்லியே சாப்."

நடந்ததைச் சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பம்பூஃபிளாட்டில் இறங்கியதும் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாலைகளில் பெயர் வாசிப்பதையும் நிறுத்தவில்லை. அந்த விகிதத்தை நம்பி யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அவர் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்த டீ எனக்கு இன்றும் செரிக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு நான் சாத்தம் பக்கத்து மின்னி பேயில் குடியேறினேன். அவர் பெரார்கஞ்சில், பாக்கியத்தின் பிறந்த வீட்டுப் பாக்குத் தோப்பில் வீடு கட்டிக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு நான் படகும் பஸ்ஸுமாகப் போவேன். போன மழைக்காலத்தில் சாப்பாடு விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே ஏதோ தடுக்கிறது என்றார். உணவுக்குழாயில் என்று டாக்டர் சொன்னார். மெயின்லேண்ட் போகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போனால் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

போகச் சொல்லி நான் மன்றாடினேன். காரணங்களை எண் போட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். குரல் அப்போதே கம்மியிருந்தது.

"நான் இங்கயே இருந்துடறேன் சாப். உங்க இடது பக்கக் கட்டத்துல ஒரு ஆளாவது ஒழுங்கா விழட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருடம் பேசாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். நான் சொல்லத் தவறிய இரண்டு வாக்கியங்களை அவர் தன் உடம்பால் எழுதப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு வாராவாரம் போனேன். மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். ஜவ்வரிசியைக் கொடுத்துவிட்டு, கப்பல் செய்தியைப் படித்துக் காட்டிவிட்டு வந்துவிடுவேன்.

இறப்புச் சான்றிதழ் வாங்க பாக்கியத்தோடு நான்தான் போனேன். இறந்த இடம், காரணம், எல்லாம் சரியாக இருந்தன. அவர் இனி இடப்பக்கக் கட்டத்தில் ஒருவர். அந்தக் கட்டம் சரியாக இருக்கவேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டேன். அவர் அதில் சேர்ந்த பிறகு, அது தவறாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நாளிதழில் கப்பல் அறிவிப்பு வரும்போதெல்லாம் அந்தப் பகுதியைத் தனியே கிழித்து மேசையில் வைக்கிறேன். முதல் ஞாயிறு வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. போன ஞாயிறு காரணமே இல்லாமல் சாத்தம் போய், படகில் அக்கரைக்குப் போய், இறங்காமல் அதே படகில் திரும்பினேன். இடப்பக்கக் கம்பியருகே யாரோ ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். நகரச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மேலே இருப்பதையெல்லாம் எழுதி முடித்ததும், பெயரும் ஊரும் சரிதானா என்று பார்க்க பாக்கியத்திடம் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். கொள்ளுத்தாத்தா வந்த இடத்தில் சிரித்தார். ஜிலேபியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலையணைக்கடியில் தாளை வைத்த இடத்தைத் தாண்டியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, இது இல்ல. உங்க கணக்குக்காகச் சாவற ஆளா அவரு?"

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெட்ராஸ் போங்க, மெட்ராஸ் போங்கன்னு நீங்க தொணதொணத்தீங்க. உங்க வாயை மூட ஒரு தமாஷ் சொன்னாரு. நீங்க பஸ் ஏறினதும் என்கிட்ட வேற சொன்னாரு. எத்தனை பேரைப் பார்த்துட்டேன் பாக்கியம், ரெண்டு பையையும் தூக்கிக்கிட்டு நீ தனியா படி எறங்கறதை நான் பார்க்க மாட்டேன்னாரு. நீங்கதான் இருக்க மாட்டீங்களே, அப்புறம் எப்படிப் பார்ப்பீங்கன்னு கேட்டேன். இப்பவே தெரியுதேன்னாரு."

அடிக்குறிப்பைப் பற்றி அவர் ஏதாவது சொன்னதுண்டா என்று கேட்டேன். கேட்கத்தான் போயிருந்தேன் போலிருக்கிறது.

"புஸ்தகம் வந்த அன்னிக்குச் சொன்னாரு. சாப் பயந்துட்டாரு, பாவம், நானா இருந்தாலும் பயந்திருப்பேன்னாரு. அதோட சரி."

கிளம்பும்போது நோட்டை என்னிடம் கொடுத்தார். வேலாயுதத்திடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும், அழிக்காமல் கோடு போடும் வழக்கமும்தான். ஆகவே இந்த அஞ்சலியின் முதல் பக்கத்தில் நான் போட்ட ஐந்தாம் எண்ணை நீக்கவில்லை. அடியில் இருப்பது தெரியும்படி அதன்மேல் ஒரே கோடு போட்டிருக்கிறேன். அச்சில் அந்தக் கோடு விழாமல் போகலாம். முன்பும் அப்படி ஆகியிருக்கிறது. அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது தவறு. அவர் இங்கே இருந்தது என் அட்டவணைக்காக அல்ல. பாக்கியம் இரண்டு பைகளோடு தனியாக இறங்காமல் இருப்பதற்காக.